வாண்டு அழக் கூடாது

ஜூன் 3

அன்புள்ள அம்மாவுக்கு,

முதலில் நான் கவனித்தது கரண்டியைத்தான். போன வாரம் ஒரு நாள் வாண்டுக்குக் கொடுத்த பால் சூடாக இருந்தது. ஆறும்வரை அவளுக்குப் பொறுமை இல்லை. கரண்டி கரண்டியாக எடுத்து ஊதி ஊதிக் குடித்துக்கொண்டிருந்தாள். திடீரென்று கரண்டி கையிலிருந்து நழுவிக் கீழே விழுந்தது. எடுத்துக் கொடுத்தேன். மறுபடியும் விழுந்தது. விளையாடுகிறாள் என்று நினைத்து முறைத்தேன். "நான் போடலக்கா, அதுவே போகுது" என்றாள். கொஞ்ச நேரத்தில் கை சரியாகிவிட்டது. நானும் மறந்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை நீ போன் செய்தாய் அல்லவா? நீ வைத்த பிறகு அவள் எப்போதும்போல அழுதாள். அழுதுகொண்டே இருக்கும்போது வலது கை தொங்கிப்போய்விட்டது. வாய் ஒரு பக்கமாகப் போனது. பேச்சு குழறியது. அழுகை நின்ற பிறகுதான் சரியானது. சித்தி தன் போனை எடுத்துக்கொண்டு மேல் மாடிக்குப் போய்விட்டதால் இதைப் பார்க்கவில்லை. நான்தான் பார்த்தேன். அப்போதுதான் கரண்டி நினைவுக்கு வந்தது. ஊதும்போதும் வருகிறது, அழும்போதும் வருகிறது என்று சித்தியிடம் சொன்னேன். நான் அதிகம் பேசாததால் சித்தி உடனே நம்பிவிட்டாள்.

பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, இனிமேல் குழந்தை எதையும் ஊதக் கூடாது, பலூன், விசில் எதுவும் கூடாது என்றார். தலைக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய்கள் சில குழந்தைகளுக்குச் சுருங்கிக்கொண்டே வருமாம். வேகவேகமாக மூச்சு விட்டால் தலைக்குப் போகிற கொஞ்ச ரத்தமும் குறைந்துவிடுமாம். அழும்போதும் அப்படித்தான் மூச்சு விடுகிறோமாம். அதனால் அழவும் கூடாது. அதுதானா என்று தெரிய ஸ்கேன் எழுதிக் கொடுத்திருக்கிறார்.

அடுத்ததை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. இரண்டு தாளைக் கிழித்துப் போட்டுவிட்டேன். அம்மா, கொஞ்ச நாளைக்கு நீ போன் செய்யாதே. அவள் மற்றதற்கு அவ்வளவாக அழுவதில்லை. விழுந்தால்கூட எழுந்து தட்டிவிட்டுக்கொள்கிறாள். உன் குரலைக் கேட்டால்தான் அழுகிறாள். ஞாயிற்றுக்கிழமை மாடிப்படியில் சித்தியின் செருப்புச் சத்தம் கேட்டாலே போய்க் கதவருகே நின்றுகொள்கிறாள். எனக்குப் போனில் பேச வராது என்று உனக்குத் தெரியும். அதனால் எல்லாவற்றையும் எழுதுகிறேன். நீயும் எழுது.

உன் பெரியவள்


ஜூன் 14

பெரியவளே,

உன் கடிதத்தைப் படித்துவிட்டுப் பெரியவருக்கு மருந்து கொடுக்க மறந்துபோனேன். வீட்டுக்கார அம்மாவிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். அது போகட்டும்.

என் குரலைக் கேட்டால் என் பிள்ளைக்குக் கை விழுந்துவிடும் என்கிறாய். இதை வேறு யாராவது சொல்லியிருந்தால் அப்போதே சண்டைக்குப் போயிருப்பேன். நான் இங்கே பார்த்துக்கொள்கிற பெரியவருக்குப் பக்கவாதம். அவருக்கு எண்பது வயதாகிறது. அவரைப் புரட்டிப் போட்டு, துடைத்து, வாயில் ஊட்டி, இந்த நோயைப் பற்றி எனக்குத் தெரியாததில்லை. ஆறு வயதுக் குழந்தைக்கு எப்படி அது வரும்? பாலை ஊதினால் கை விழுமா? நாமெல்லாம் ஊதிக் குடித்து வளர்ந்தவர்கள்தானே? சத்தில்லாமல் இருக்கும். முட்டை கொடுக்கிறாயா இல்லையா? உன் சித்தி மேல் மாடியில் அவள் வேலையைப் பார்ப்பாள். அடுப்பும் குழந்தையும் உன் கையில்தான் இருக்கின்றன.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். வாரம் முழுக்க இந்த வீட்டில் என்னிடம் யாரும் பேசுவதில்லை. பெரியவருக்குப் பேச்சு கிடையாது. வீட்டுக்கார அம்மா வேலையைத்தான் சொல்வார். ஞாயிற்றுக்கிழமை ஒரு கால் மணி நேரம்தான் நான் மனுஷியாக இருப்பது. உன்னிடம் கொடுத்தால் "ம்", "சரி" என்பதற்கு மேல் வாயிலிருந்து விழாது. பேசுகிறவள் அவள் ஒருத்திதான். அவளையும் பறித்துக்கொண்டுவிட்டாய்.

ஸ்கேன் எடுக்கும்வரை கூப்பிடவில்லை. எடுத்ததும் எழுது. ஒன்றையும் மறைக்காதே.

அம்மா


ஜூன் 27

அன்புள்ள அம்மாவுக்கு,

முட்டை தினமும் கொடுக்கிறேன்.

ஸ்கேன் எடுத்தாகிவிட்டது. நான் பயந்ததுபோல ஊசி எதுவும் போடவில்லை. தலையைத் தொடக்கூட இல்லை. நீளமான குகை மாதிரி ஒரு மெஷின் இருக்கிறது. அதற்குள் அசையாமல் படுக்க வேண்டும். அங்கே வேலை செய்கிற ஸ்கேன் அக்கா நல்லவர். அழுதால் படம் மாறிப்போய்விடும், அழுகிற குழந்தையை உள்ளே அனுப்பவே மாட்டேன் என்று சொல்லிவிட்டு, வாண்டுவுடன் வெளியே உட்கார்ந்து சிலை விளையாட்டு விளையாடினார். யார் முதலில் அசைகிறார்களோ அவர்கள் தோற்றவர்கள். அக்கா வேண்டுமென்றே மூக்கைச் சொறிந்து தோற்றார். வாண்டுக்குத் தலைகால் புரியவில்லை.

என் தோடு, பின்னூசி எல்லாவற்றையும் கழற்றி வைத்துவிட்டு என்னையும் உள்ளே விட்டார்கள். நான் அவள் பாதத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மெஷின் சுத்தியலால் அடிப்பதுபோலச் சத்தம் போட்டது. அவள் அசையவே இல்லை. வெளியே வந்ததும், "உள்ள ஒரு மாமா ஆணி அடிச்சிட்டே இருக்காரு, அவருக்கு வேற வேலை இல்லியா?" என்று கேட்டாள். அங்கே உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாரும் சிரித்துவிட்டார்கள்.

அந்த மெஷின் என்ன செய்கிறது என்று ஸ்கேன் அக்காவே சொன்னார். கழுத்தில் ஓடுகிற ரத்தத்துக்குக் காந்தத்தாலேயே ஓர் அடையாளம் வைக்குமாம். அந்த ரத்தம் தலைக்குள் போய்ச் சேரும்வரை காத்திருந்து படம் எடுக்குமாம். எந்த இடத்துக்கு எவ்வளவு போய்ச் சேர்ந்தது என்று படத்தில் வண்ணமாகத் தெரியும். நிறையப் போன இடம் சிவப்பு, மஞ்சள். குறைவாகப் போன இடம் நீலம். போகவே போகாத இடம் கறுப்பு.

டாக்டர் அந்தப் படத்தை எங்களுக்குக் காட்டினார். ஒரு பாதி மஞ்சளும் பச்சையுமாக இருந்தது. இடது பாதி முழுக்க நீலம். இடது பக்கம்தான் வலது கையையும் பேச்சையும் பார்த்துக்கொள்கிறதாம். வாண்டு எட்டிப் பார்த்து, நீலம்தான் அழகாக இருக்கிறது என்றாள். சித்தி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே போய்விட்டாள்.

இப்போதைக்கு எதுவும் செத்துப்போகவில்லை, பட்டினியாக மட்டும் இருக்கிறது என்று டாக்டர் சொன்னார். ஆபரேஷன் ஒன்று இருக்கிறது. தலைத்தோலுக்கு அடியில் ஓடும் ஒரு ரத்தக் குழாயை எடுத்து மூளையின் மேல் படுக்கவைத்துத் தைப்பார்களாம். அதிலிருந்து கிளை விட்டு ரத்தம் உள்ளே போகுமாம். முதலில் இடது பக்கம், பிறகு வலது பக்கம். சீக்கிரம் செய்ய வேண்டும் என்றார். ஜூலைக் கடைசியில் வைத்துக்கொள்ளலாம் என்றார். நீ சரி என்று எழுதினால் சித்தி கையெழுத்துப் போடுவாள்.

அதுவரை அவள் அழாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். போன் வேண்டாம் அம்மா.

உன் பெரியவள்


ஜூலை 8

பெரியவளே,

படித்தேன். இரண்டு நாள் சாப்பிட முடியவில்லை.

தலையைத் திறப்பதென்றால் என்னவென்று உனக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். இந்தப் பெரியவருக்கும் தலையைத் திறந்தார்கள். போகும்போது இரண்டு வார்த்தை பேசிக்கொண்டு போனாராம். திரும்பி வந்தவர் வாயே திறக்கவில்லை. தினமும் அந்தத் தழும்பைத்தான் சோப்புப் போட்டுக் கழுவுகிறேன். என் பிள்ளை தலையிலும் அப்படி ஒன்று இருக்கும் என்று நினைத்தால் கை ஓடவில்லை.

செய்ய வேண்டாம் என்று சொல்லவில்லை. நான் வர வேண்டும். நான் பக்கத்தில் நின்று கையைப் பிடித்துக்கொள்ளாமல் அவள் தலையில் யாரும் கத்தி வைக்கக் கூடாது. வீட்டுக்கார அம்மாவிடம் கேட்டேன். செப்டம்பரில் அவர்கள் மகன் வருகிறார், அப்போது போய் வா, அதற்கு முன்னால் பெரியவரை யார் தூக்குவது என்றார். அதனால் செப்டம்பரில் வைத்துக்கொள்ளச் சொல். இவ்வளவு நாள் ஓடி விளையாடின குழந்தைக்கு இரண்டு மாதத்தில் என்ன ஆகிவிடப் போகிறது? உன் சித்தியிடமும் சொல்லிவிட்டேன். என்னைக் கேட்காமல் கையெழுத்துப் போட்டால் அவளுக்கும் எனக்கும் இனி உறவே இல்லை.

அவள் என்னைக் கேட்கிறாளா? அதை எழுதவே மாட்டேன் என்கிறாயே.

அம்மா


ஜூலை 20

அன்புள்ள அம்மாவுக்கு,

நீ சொன்னதை டாக்டரிடம் சொன்னோம். சித்திதான் சொன்னாள். நான் அவள் பின்னால் நின்றேன். டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "அவங்கம்மா வர்ற வரைக்கும் காத்திருன்னு நான் ரத்தத்துக்கிட்ட சொல்ல முடியுமா?" என்றார். ஏதாவது ஆகிவிட்டால் அக்காவுக்கு யார் பதில் சொல்வது என்று சித்தி வரும் வழியெல்லாம் புலம்பினாள். அங்கே நிற்கும்போது எனக்கும் ஒன்று சொல்லத் தோன்றியது. அதற்குள் டாக்டர் செப்டம்பர் இரண்டாம் வாரம் என்று எழுதிவிட்டார்.

வாண்டு அழக் கூடாது என்பது இப்போது தெருவுக்கே தெரியும். பக்கத்து வீட்டில் யாரும் சத்தம் போட்டுச் சண்டை போடுவதில்லை. எதிர்க் கடைக்காரர் அவளைப் பார்த்ததும் விசிலை எடுத்து உள்ளே வைத்துவிடுகிறார். அவளுக்கும் இது நன்றாகத் தெரிந்துவிட்டது. நேற்று பிஸ்கட் கேட்டாள். சாப்பிடும் நேரம், இப்போது கிடையாது என்றேன். இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "அழட்டுமா?" என்று கேட்டாள். கொடுத்துவிட்டேன். சித்தியிடமும் அதே கதைதான். "இத்துனூண்டு இருந்துக்கிட்டு வீட்டையே மிரட்டி வச்சிருக்காடி" என்று சித்தி தலையில் அடித்துக்கொண்டாள். தலை வாரும்போது சிக்கு இழுத்தால்கூட உடனே அந்தக் கேள்விதான்.

உன்னைக் கேட்கிறாளா என்று கேட்டிருந்தாய். எழுதக் கூடாது என்று நினைத்தேன். நீ மறைக்காதே என்று சொன்னதால் எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமை கதவருகே நிற்பதை நிறுத்திவிட்டாள். அம்மாவுக்கு என் மேல் கோபமா என்று ஒருமுறை கேட்டாள். இல்லை, அங்கே போன் கெட்டுப்போய்விட்டது என்றேன். நான் அழுது அழுதுதான் அது கெட்டுப்போச்சா என்றாள். நான் பேச்சை மாற்றிவிட்டேன்.

கை தானாக விழுவது இப்போது அடிக்கடி நடக்கிறது. அழாமலேயும் நடக்கிறது. உடனே உட்காரவைத்துத் தண்ணீர் கொடுக்கிறேன். சரியாகிவிடுகிறது.

முடிந்தால் செப்டம்பருக்கு முன்னாலேயே வா.

உன் பெரியவள்


ஆகஸ்ட் 1

பெரியவளே,

முன்னால் வர முடியாது. மறுபடியும் கேட்டேன். கேட்டதற்கே முகம் திருப்பிக்கொண்டார்கள்.

நான் கோபமாக இருக்கிறேன் என்று என் பிள்ளை நினைத்துக்கொண்டிருக்கிறாள். அதைத்தான் திரும்பத் திரும்பப் படிக்கிறேன். போன் கெட்டுப்போனது என்று ஏன் சொன்னாய்? சொல்வதற்கு வேறு ஒன்றும் கிடைக்கவில்லையா? சரி, நான் இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

ஒன்று யோசித்து வைத்திருக்கிறேன். நான் பேசினால்தானே அழுகிறாள்? நான் பேசவில்லை. சித்தி போனை அவள் விளையாடுகிற இடத்துக்குப் பக்கத்தில் வைத்துவிடட்டும். அவள் சித்தியிடம் பேசுவதையோ, பொம்மையைத் திட்டுவதையோ நான் கேட்டுக்கொள்கிறேன். ஒரு சத்தம் என்னிடமிருந்து வராது. இதில் ஒன்றும் ஆகாது இல்லையா? டாக்டரையெல்லாம் கேட்க வேண்டாம். நீ என்ன நினைக்கிறாய் என்று எழுது.

இங்கே துணி மடிக்கும்போது அவள் குரலை நினைவுபடுத்திப் பார்த்தேன். சட்டென்று வரவில்லை. பயமாக இருந்தது.

அம்மா


ஆகஸ்ட் 17

அம்மா,

சித்தி உன்னிடம் எல்லாவற்றையும் சொல்லியிருப்பாள். இருந்தாலும் நானும் எழுதுகிறேன்.

உன் கடிதத்துக்கு, வேண்டாம் என்று பதில் எழுதி உறையில் போட்டு ஒட்டிவைத்திருந்தேன். அன்றைக்கு மத்தியானம் நான் தண்ணீர் பிடிக்கக் கீழே போயிருந்தேன். சித்தி இங்கே வந்து வராந்தாவில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். அவள் போன் கட்டிலில் கிடந்தது. மணி அடித்ததும் வாண்டு எடுத்திருக்கிறாள். நான் குடத்துடன் மேலே வந்தபோது அவள் போனைக் காதில் வைத்துக்கொண்டு, "எனக்குத் தெரியும், நீதான்" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். "பேசும்மா. நான் அழ மாட்டேன்மா, பேசு." அந்தப் பக்கத்திலிருந்து ஒன்றும் வரவில்லை. நான் குடத்தை வைத்துவிட்டு ஓடுவதற்குள் அழ ஆரம்பித்துவிட்டாள்.

தண்ணீர் கொடுத்தேன். இந்த முறை சரியாகவில்லை.

ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு முந்தாநாள்தான் வீட்டுக்கு வந்தோம். அங்கே மறுபடியும் அதே ஸ்கேன் எடுத்தார்கள். அதே ஸ்கேன் அக்கா. சிலை விளையாட்டு சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை. நான் பாதத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வலது பாதத்தைப் பிடித்தால் அவளுக்குத் தெரியாது என்று அந்த அக்கா சொன்னார். இடது பாதத்துக்கு மாறினேன். முடிந்ததும் அவர் வாண்டு முகத்தைப் பார்க்காமல் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

டாக்டர் முந்தைய படத்தையும் இந்தப் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார். முன்பு நீலமாக இருந்த இடம் கறுப்பு. முன்பு மஞ்சளாக இருந்த பாதி இப்போது நீலம். வலது பக்கத்திலும் சின்னச் சின்னதாகக் கறுப்புப் புள்ளிகள். செப்டம்பர் தேதியை அவரே அடித்துவிட்டார். இப்போது மயக்க மருந்து கொடுத்தாலே மீதி இருப்பதும் போய்விடுமாம்.

வலது கையும் காலும் இல்லை. பேச்சு இல்லை. சில நேரம் "ஊ" என்று மட்டும் சொல்கிறாள். தட்டில் பாதிச் சாப்பாட்டை அப்படியே வைத்துவிடுகிறாள். பிடிக்கவில்லை என்று நினைத்தேன். தட்டைத் திருப்பி வைத்தால் அந்தப் பாதியையும் சாப்பிடுகிறாள். டாக்டரிடம் சொன்னதற்கு, படத்தில் பின்பக்கம் ஒரு கறுப்பைக் காட்டி, அதனால் வலது பக்கம் இருக்கிற எதுவும் அவளுக்குத் தெரியாது என்றார். நம் அறையில் கட்டில் கிடக்கிற கிடையில் கதவு அவளுக்கு வலது பக்கம். நான் உள்ளே வந்து நின்றால்கூடத் தெரிவதில்லை. சுற்றிக்கொண்டு ஜன்னல் பக்கம் வந்தால்தான் பார்க்கிறாள்.

அழாமல் பார்த்துக்கொள்ளுங்கள், காய்ச்சல் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள், நிறையத் தண்ணீர் கொடுங்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டார். வேறு எதுவும் சொல்லவில்லை. சித்தியும் கேட்கவில்லை.

யார் கூப்பிட்டது என்று ஆஸ்பத்திரியில் கேட்டார்கள். தெரியாது என்று சொல்லிவிட்டேன்.

உன் பெரியவள்


ஆகஸ்ட் 27

பெரியவளே,

நான் பேசவே இல்லை. உன் மேல் ஆணையாக ஒரு வார்த்தை பேசவில்லை. முந்தானையை வாயில் வைத்து அமுக்கிக்கொண்டிருந்தேன். சித்தி எடுப்பாள், மெதுவாகக் கேட்டுப் பார்க்கலாம் என்று நினைத்தேன். "அலோ" என்று அவள் குரல் வந்தது. வைத்துவிட வேண்டும் என்று கைக்குத் தெரிந்தது. வைக்கவில்லை. மூச்சு மட்டும்தான் விட்டேன். மூச்சை வைத்து எப்படி அவளுக்குத் தெரிந்தது? என்னோடு ஒட்டிக்கொண்டு படுத்தவள் அல்லவா. தெரிந்துவிட்டது.

ஆஸ்பத்திரியில் தெரியாது என்று சொல்லியிருக்கிறாய். ஏன் சொன்னாய்? அம்மாதான் என்று சொல்லியிருக்கலாம். நீ என்னைத் திட்டி ஒரு வரி எழுதியிருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும். ஜூலையிலேயே செய்யலாம் என்று டாக்டர் சொன்னபோது நீ சரி என்றுதான் நினைத்தாய். எழுதவில்லை. நானும் உன்னைக் கேட்கவில்லை. உன்னைக் கேட்டு நான் என்றைக்கு எதைச் செய்திருக்கிறேன்? பள்ளிக்கூடத்தை விட்டு நிறுத்தியபோதும் கேட்கவில்லை. வீட்டில் ஆள் வேண்டும் என்றேன். நீ பையைத் துவைத்து மடித்து வைத்துவிட்டாய்.

இங்கே வேலையை விட்டுவிட்டேன். அவர்கள் சத்தம் போட்டார்கள். போடட்டும். இன்னும் இரண்டு வாரத்தில் வந்துவிடுவேன். பெரியவருக்குக் கடைசியாகத் தலை துவட்டிவிட்டபோது அவர் கண்ணிலிருந்து தண்ணீர் வந்தது. அவருக்கு எப்போதும் வரும்.

வருவதைப் பற்றித்தான் இதை எழுதுகிறேன். வாசல்வரை வர எனக்குத் தைரியம் இருக்கிறது. அதற்கு மேல் இல்லை. என்னைப் பார்த்தால் அழுவாள். அழுதால் மீதி இருப்பதும் போய்விடும். அதனால் நன்றாக யோசித்துவிட்டேன். கதவு பக்கம் அவளுக்குத் தெரியாது என்று எழுதியிருந்தாய் அல்லவா? நான் செருப்பைக் கீழ்ப்படியிலேயே விட்டுவிட்டு வருகிறேன். அந்தப் பக்கமாகவே வந்து கட்டிலை ஒட்டித் தரையில் உட்கார்ந்துகொள்கிறேன். அந்தக் கையைப் பிடித்துக்கொள்கிறேன். அதுவும் அவளுக்குத் தெரியாது இல்லையா? பேச மாட்டேன். இருமல் வந்தால் வெளியே போய்விடுவேன். அவளுக்கு நீ ஊட்டு, நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். எத்தனை நாளானாலும் அப்படியே இருந்துவிடுவேன். எனக்கு அது போதும்.

கட்டிலை நகர்த்தாதே. சித்தியிடமும் சொல்லிவை.

அம்மா


செப்டம்பர் 4

அன்புள்ள அம்மாவுக்கு,

இது நீ கிளம்புவதற்கு முன்னால் கிடைக்குமா என்று தெரியவில்லை. கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை.

உன் கடிதம் வந்த மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போனேன். வாண்டுவைச் சித்தியிடம் விட்டுவிட்டுத் தனியாகப் போனேன். டாக்டர் அறைக்கு வெளியே உட்கார்ந்திருந்தேன். ஒவ்வொருவராக உள்ளே போய் வந்தார்கள். எனக்குச் சீட்டு இல்லாததால் என் பெயரை யாரும் கூப்பிடவில்லை. ஸ்கேன் அக்கா அந்தப் பக்கமாகப் போனவர் என்னை அடையாளம் கண்டுகொண்டு, ஏன் இங்கே உட்கார்ந்திருக்கிறாய் என்று கேட்டார். டாக்டரைப் பார்க்க வேண்டும் என்றேன். அப்படியானால் தட்டு, அவர் என்ன கடித்தா தின்றுவிடுவார் என்றார். எல்லாரும் போன பிறகு தட்டினேன்.

டாக்டருக்கு என்னைப் பார்த்ததும் சட்டென்று நினைவு வரவில்லை. நீலம் அழகாக இருக்கிறது என்று சொன்ன குழந்தையின் அக்கா என்றேன். உட்காரச் சொன்னார். நின்றுகொண்டே கேட்டேன்.

"அழாம பாத்துக்கிட்டா இருப்பாளா?"

அவர் கம்ப்யூட்டரில் வாண்டுவின் படத்தைத் தேடி எடுத்தார். எனக்கும் தெரிகிற மாதிரி திரையைத் திருப்பினார். குழாய் எங்கெங்கே அடைபட்டிருக்கிறது என்று விரலால் காட்டிக்கொண்டே வந்தவர் பாதியில் நிறுத்திவிட்டார்.

"அழாம பாத்துக்கிட்டாலும் இருக்க மாட்டாம்மா" என்றார்.

எவ்வளவு நாள் என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. உன்கூட யார் வந்திருக்கிறார்கள் என்று கேட்டார். யாரும் இல்லை என்றேன். தண்ணீர் குடிக்கிறாயா என்று கேட்டார். வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

வீட்டுக்கு வந்தபோது வாண்டு விழித்துக்கொண்டிருந்தாள். நான் கதவருகே நின்று பார்த்தேன். ஜன்னலுக்கும் சுவருக்கும் நடுவில் எதையோ தேடுவதுபோல அவள் கண் போய்ப் போய் வந்துகொண்டிருந்தது. அங்கே ஒன்றும் இல்லை. சுவர்தான் இருக்கிறது. நான் இரண்டடி தள்ளி நிற்பது அவளுக்குத் தெரியவில்லை. நீ வந்து உட்காரப் போகிற இடத்தில் தரையில் உட்கார்ந்து பார்த்தேன். அவள் வலது கையைப் பிடித்துக்கொண்டேன். அது சூடாக இருந்தது. அவள் திரும்பவில்லை.

சித்தியிடம் டாக்டர் சொன்னதைச் சொல்லிவிட்டேன். அவள் அழுது முடித்துவிட்டு, அக்கா வந்தால் ஒன்றும் சொல்லாதே, அவள் சொன்னபடியே அந்தப் பக்கம் உட்கார்ந்துகொள்ளட்டும், குழந்தைக்கு எதற்குத் தெரிய வேண்டும், பார்த்தால் அழுவாளே என்றாள். நான் எப்போதும்போல ஒன்றும் சொல்லவில்லை.

இன்று காலையில் அவளுக்கு முகம் கழுவி, தலை வாரிப் பின்னினேன். சிக்கு இருந்தது. இழுத்தபோது என்னைப் பார்த்தாள். பிறகு அவளைத் தூக்கி நாற்காலியில் சாய்த்து உட்காரவைத்தேன். கட்டிலின் மேல் இருந்ததை எல்லாம் எடுத்து ஓரமாக வைத்தேன். கட்டில் கனமாக இருந்தது. ஒரு முனையைத் தூக்கி நகர்த்தி, மறு முனையைத் தூக்கி நகர்த்தி, கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி, தலைமாடு இருந்த இடத்தில் கால்மாடு வரும்படி போட்டேன். விரிப்பை உதறி விரித்தேன். அவளைத் தூக்கிக் கதவு தெரிகிற மாதிரி படுக்கவைத்தேன்.

உன் பெரியவள்